கடைசி வளையம்

இருபத்து மூன்று என்று எழுதியிருந்த அட்டைத் துண்டு உள்ளங்கை வியர்வையில் நமத்துக்கொண்டிருந்தது. கழற்றச் சொல்வார்களா மாட்டார்களா என்பதுதான் காலையிலிருந்து ஆவுடைச்செல்விக்கு ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டம், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காப்பு தண்டை என்று கழற்றிக்கொண்டிருக்க யாருக்கு நேரம், அப்படியே தூக்கித் தராசில் போடு என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டால் நூற்றித் தொண்ணூறு கிராம் நம்முடையது. நகைக்கடைச் சீட்டை இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அரைஞாண் அறுபது, தண்டை எண்பது, காப்பு ஐம்பது. கூட்டத்தில் வெள்ளியை அறுத்துவிடுவார்கள் என்று மைனி பயமுறுத்தியதால் போன தடவை எல்லாவற்றையும் பீரோவில் வைத்துவிட்டு வெறும் கறுப்புக் கயிறோடு தூக்கிவந்தவள் அவள்தான். இன்றைக்கு எல்லாவற்றையும் பூட்டி, மேலே ஒரு கம்பளிச் சட்டையும் மாட்டியிருந்தாள். ஆடிக்காற்று அடிக்கிறதே, யாரும் கேட்டால் காற்று என்று சொல்லலாம். பிள்ளை மடியில் தூங்கியது. அது எப்போதும் தூங்கியது. பதினாலு வாரத்துப் பிள்ளை, இந்த இரைச்சலில், மின்விசிறி கடகடவென்று ஆட, பக்கத்துப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டு வீல் வீலென்று கத்த, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியது. எவ்வளவு நல்ல பிள்ளை, தொந்தரவே கிடையாது என்று காம்பவுண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். பத்து மூத்திரத் துணி துவைத்த நாள் போய் நாலு துணி துவைக்கிற நாள் வந்தபோதும், பிள்ளைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது என்று புருஷன் மாரிச்செல்வத்திடம் சொன்னாள். அவன் லோடு வேனைத் துடைத்தபடி அப்படியா என்றான். நாலு துணி. நேற்று மூன்று. அதை இப்போது எண்ண வேண்டாம். தராசு இருக்கிற அறைக்கதவு திறந்து திறந்து மூடியது, ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் வாசனை ஒரு கை அளவுக்கு வெளியே வந்துவிட்டுப் போனது.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் போட்டோ அனுப்பவேண்டும். பட்டுக்கடை கலாராணி மேடம் குரல் பதிவு அனுப்பியிருந்தாள், காதில் வைத்து நாலு தடவை கேட்டாகிவிட்டது, ஐந்தாவது தடவை கேட்க வேண்டியதில்லை, மனப்பாடம். செல்வி, ஆவணி ஒண்ணாம் தேதி மேடைக்கு ஆள் போடப்போறோம்மா, நீ பழைய மாதிரி ஆயிட்டேன்னா ஒன்னயத்தான் போடணும்னு நான் சொல்லி வச்சிருக்கேன், யூனிபார்ம் மாட்டி நேரா ஒண்ணு சைடுல ஒண்ணு போட்டோ எடுத்து மத்தியானத்துக்குள்ள அனுப்பு, முதலாளி பாக்கணுங்காரு, இல்லைன்னா கீழ பேக்கிங்ல இடம் இருக்கு, அது உன் இஷ்டம். கடையில் அவள் பெயர் செல்வி. ஆவுடை என்று சட்டையில் குத்தினால் கஸ்டமருக்கு வாயில் நுழையாது என்று முன்பாதியை வெட்டிவிட்டார்கள், அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. மூன்றாவது மாடி, கல்யாணப் பட்டு, மெத்தை விரித்த தரைக்கு நடுவில் ஒரு முழ உயர மேடை, மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. பெண்வீட்டார் காலை மடக்கி உட்கார்ந்து, கல்யாணப்பெண் வெட்கப்பட்டுக்கொண்டோ செல்போனைப் பார்த்துக்கொண்டோ இருக்க, யாராவது ஒரு அத்தை அந்தப் பிள்ளை மேல வச்சுக் காட்டுங்க என்பாள். அந்தப் பிள்ளை இவள். யூனிபார்முக்கு மேலேயே பட்டைச் சுற்றி, கொசுவம் செருகி, முந்தானையை எடுத்து விட்டதும் மேல்விளக்கு எரியும். ஒரு நாளைக்குப் பதினோரு தடவை மணப்பெண். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு அரைவட்டம் திரும்பினால் அத்தனை கண்ணும் கூடவே திரும்பும். உடனே உருவி இன்னொருத்தி மடியில் போட்டுவிடுவார்கள், அது வேறு. ஆனால் அந்த அரைவட்டம் இருக்கிறதே. வீட்டில் யார் அவளை அப்படிப் பார்த்தார்கள், பிறந்ததிலிருந்து யார் பார்த்தார்கள். பேக்கிங் கீழே, தரைக்கு அடியில், ஜன்னல் இல்லை, அட்டைப்பெட்டி வாசனை, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பைக்குள் பை போடவேண்டும். அங்கே கண்ணாடி கிடையாது.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் மேடைப் பெண்கள் நாலு பேரும் பட்டினி கிடப்பார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரோ எப்போதோ ஆரம்பித்தது, மேடை விரதம் என்றே அதற்குப் பெயர். காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், சாயங்காலம் நீர்மோர். கடைசி நாள் நாலு பேரும் டைலர் செக்‌ஷனுக்குப் போய் டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்த்து, குறைந்தவள் குறையாதவளைக் கிண்டல் பண்ணுவாள், ஏட்டி உனக்கு ஒம்பது கஜம் போதாதுட்டி என்று. மயக்கம் வந்தால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. மூன்று வருஷம் அவள் அதைச் செய்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, அதனால் இந்த வருஷமும் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தோன்றியதில் என்ன தப்பு. இன்னும் சொன்னால் இந்த வருஷம் சுலபம் என்றுதான் கணக்குப் போட்டாள். பால் கொடுத்தாலே உடம்பு இறங்கும் என்று பிரசவ வார்டிலேயே சொன்னார்களே, அதோடு விரதமும் சேர்ந்தால் இரட்டை வேகம், பிள்ளை ஒரு பக்கம் இழுக்கும், பட்டினி ஒரு பக்கம் இழுக்கும், நடுவில் இருக்கிற சதை எங்கே போகும். பிள்ளை எதை இழுக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தாள். யோசித்து, பால் அது பாட்டுக்கு ஊறும், கிணறு மாதிரி, நாம் சாப்பிடுவதற்கும் அதற்கும் என்ன என்று விட்டுவிட்டாள். பத்தாவது வாரத்து ஊசி போட்டு வந்த மறுநாள் ஆரம்பித்தது, நேற்றோடு இருபத்தேழு நாள். டேப் முப்பத்தெட்டரையில் இருந்து முப்பத்து மூன்றே காலுக்கு வந்திருக்கிறது. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அளப்பாள். மைனி சந்தனமாரி, மாரிச்செல்வத்தின் அக்கா, அடுத்த தெரு, பாவம், பிள்ளை பெற்றவளுக்கு என்று தினம் ஒரு தூக்குவாளி கொண்டுவருவாள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு. வச்சிட்டுப் போங்க மைனி, ஆறினப்புறம் சாப்பிடுதேன். மைனி தெருமுனை தாண்டியதும் பின்வாசல் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்துவிடுவாள். அங்கே ஒரு சாம்பல் பூனை காத்திருக்கும். வந்தபோது எலும்பும் தோலுமாய் இருந்தது, இப்போது நடக்க முடியாமல் நடக்கிறது. விறகு சாக்குக்குள் நாலு குட்டி போட்டிருக்கிறது. நாலும் பந்து மாதிரி இருக்கின்றன. நேற்றுச் சாக்கை விலக்கிப் பார்த்தாள், நாலும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு குடித்தன, பூனை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை பிடிக்காமல் சாக்கைப் போட்டுவிட்டாள்.

என்ன பிள்ள, இருபத்தி மூணா, எனக்கு இருபத்தி நாலு, என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பெயர் ரஹ்மத் நிஷா, மேலப்பாளையம், மூன்றாவது பிள்ளை என்று இரண்டு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் மடியில் இருந்த பயல் தன் முஷ்டியையே முழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் நூல் கட்டினாற்போல் மடிப்பு, தொடையில் மூன்று மடிப்பு. இவன் பால் குடிக்கலக்கா, ரேஷன் வாங்குதான், மூட்ட மூட்டயா, நான் உக்காந்தா எந்திரிக்க விடமாட்டேங்கான் என்றாள் ரஹ்மத் நிஷா. ஒங்களுது பொம்பளப் பிள்ளையா, பேரென்ன. தர்ஷிகா. எத்தன மாசம். மூணரை. ரஹ்மத் நிஷா குனிந்து பார்த்தாள், அந்தப் பார்வை ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்து கம்பளிச் சட்டைக்குப் போனது. ஆத்தி, இந்தப் புழுக்கத்துல எதுக்கு இது. காத்து அடிக்கில்லா என்றாள் ஆவுடை. உள்ள எங்க அடிக்கி, எனக்கு மூஞ்சி வேகுது. ஆமா நீங்க என்ன இப்படி ஒல்லியா இருக்கிய, பிள்ள பெத்த ஆளு மாதிரியே இல்லையே, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா, என் வீட்டுக்காரர் என்னைய ஆட்டோல ஏத்துனா ரெண்டு டிக்கெட்டு கேக்காரு. சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். ஆவுடைக்கு நெஞ்சுக்குள் என்னவோ சில்லென்று பூத்தது. பிள்ளை பெற்ற ஆள் மாதிரியே இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இருபத்தேழு நாள். மாரிச்செல்வத்தின் தம்பி முறைப் பையன் கல்யாணத்தில், போன பங்குனியில், எட்டாம் மாசத்து வயிற்றோடு பந்தியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, எப்படி இருந்தவ, என்று மாரிச்செல்வமே யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. குத்தலாகச் சொல்லவில்லை. வண்டி விலை ஏறியதைச் சொல்வதுபோலச் சொன்னான். அந்த வாக்கியத்தின் மேல் இந்த வாக்கியத்தை வைத்து மூடலாம். அப்போதுதான் தர்ஷிகா முழித்தது. முழித்து, முகத்தைச் சுருக்கி அழுதது. அழுகை என்று சொல்ல முடியாது, தூரத்தில் எங்கோ கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம், மெல்லிசாக, விட்டுவிட்டு. மாரில் போட்டாள். வாய் பிடித்தது, இழுத்தது, விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது, மறுபடி கிறீச்சிட்டது. அல்லா, என்றாள் ரஹ்மத் நிஷா. தன் மார்பைப் பார்த்தாள். நீலச் சுடிதாரின் முன்பக்கம் இரண்டு இடத்தில் கருநீலமாய் நனைந்து வட்டம் விரிந்துகொண்டிருந்தது. எந்தப் பிள்ளை அழுதாலும் எனக்கு இப்படி இறங்கிருதுக்கா, மானக்கேடு என்று துப்பட்டாவை இழுத்து மூடினாள். ஆவுடை அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதது தன் பிள்ளை. அவளுக்கும் முன்பு அப்படித்தான், பிள்ளை சிணுங்கினாலே மாரில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக்கு, உடனே பொங்கும், கடைக்காரப் பெண்கள் பார்க்க வந்த அன்று ஜாக்கெட் நனைந்து அவமானப்பட்டுப் போனாள். அந்தச் சுருக்கு கடைசியாக என்றைக்கு வந்தது. போன வெள்ளியா. அதற்கு முந்தின வெள்ளியா. அவளுடைய ஜாக்கெட் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

இருபத்தி மூணு என்று உள்ளிருந்து சத்தம். எழுந்தபோது கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன, அது பழக்கம்தான், சுவரைப் பிடித்து மூன்று வரை எண்ணினால் போய்விடும். ஜெபமணி சிஸ்டர் தலையைத் தூக்காமல் அட்டையை வாங்கினாள். நரை விழுந்த கொண்டை, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பேசுகிற பழக்கம். துணியை விரித்துப் பிள்ளையைத் தராசில் போடும்மா என்றாள். போடு என்றுதான் சொன்னாள். ஆவுடை சட்டென்று கம்பளிச் சட்டையோடு கிடத்தினாள். எண் ஓடி நிற்கப் போன நேரத்தில் சிஸ்டர் நிமிர்ந்துவிட்டாள். என்னம்மா, பிள்ளைய நிறுக்கணுமா வெள்ளிய நிறுக்கணுமா, நகைக்கடைக்கா வந்திருக்க, எல்லாத்தையும் கழட்டு. கழட்ட நேரமாகும் சிஸ்டர், கூட்டம் நிக்கி. நிக்கட்டும். கம்பளி போனது. பிள்ளையின் கை குச்சியாக இருந்தது. காப்பு திருகாமலே வந்தது. தண்டை குதிகாலில் கொஞ்சம் தடுக்கி வந்தது. அரைஞாண். அந்தக் கொக்கியில் நாலு வளையம், முப்பதாம் நாள் பூட்டும்போது ஆசாரி உள்ளேயிருந்து மூன்றாவதில் மாட்டி, பிள்ள வளர வளர வெளிய தள்ளி மாட்டுங்கம்மா, ரெண்டு வயசு வரைக்கும் தாங்கும் என்றார். அவளோ ஆடி மாதம் பிறந்த அன்று ஒரு வளையம் உள்ளே தள்ளி மாட்டினாள், நகை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு. போன வாரம் இன்னொன்று உள்ளே. இப்போது கடைசி வளையம். வெள்ளி எங்கே தளரும், வெள்ளி தளராது என்று அவளுக்குத் தெரியும், அவள் பட்டுக்கடைக்காரி, இடுப்பை அளப்பதே அவள் தொழில், தினமும் காலையில் ஒரு இடுப்பை அளந்துவிட்டு இன்னொரு இடுப்புக்குக் கொக்கியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாள். கொக்கியை நோண்டினாள், வழுக்கியது. விடு நான் பாக்கேன் என்று சிஸ்டர் பிள்ளையின் இடுப்பில் கை வைத்ததும், கொக்கியைத் தொடாமலே, அரைஞாண் அப்படியே இறங்கியது. இடுப்பைத் தாண்டி, தொடையைத் தாண்டி, முட்டி, பாதம். பூட்டியது பூட்டியபடியே சிஸ்டர் கையில் ஒரு வட்டமாகத் தொங்கியது. ஊசிக்கு வரிசையில் நின்றவளின் பிள்ளை எதற்கோ சிரித்தது. சிஸ்டர் அந்த வட்டத்தையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அதை ஆவுடையின் கையில் வைத்தாள். நாலு கிலோ அறுநூற்றி எண்பது. போன மாதம் ஐந்து கிலோ ஐம்பது. அட்டையில் பச்சைப் பட்டைக்குள் மேலே ஏறிவந்த புள்ளிகளுக்குப் பக்கத்தில் சிஸ்டர் ஒரு புள்ளி வைத்தாள், அது கீழே, மஞ்சளுக்குள் விழுந்தது.

நீ ஏறு என்றாள் சிஸ்டர், பெரிய தராசைக் காட்டி. செருப்பைக் கழற்றி ஏறினாள். முள் ஆடியது, போன மாதத்து அறுபத்தைந்தரையைத் தொடவில்லை, அறுபதுக்கும் வரவில்லை, ஐம்பத்தேழில் நின்றது. அவளுக்குள் ஒன்று துள்ளியது. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு என்றுதான் நினைத்திருந்தாள். அந்தத் துள்ளல் ஒரு நொடி, அரை நொடி, அதற்குள் அவளே அதைப் பார்த்துவிட்டாள், பக்கத்து மேஜையில் பிள்ளை அம்மணமாய்க் கையைக் காலை ஆட்டாமல் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க, இங்கே ஒருத்தி தராசில் நின்று சந்தோஷப்படுகிறாள், யார் அவள், செல்வியா, ஆவுடையா, அந்த அரைவட்டம் திரும்புகிறவளா. இறங்க மறந்து நின்றாள். நாலு வாரத்துல எட்டரை கிலோ என்றாள் சிஸ்டர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக. மாசத்துக்கு ரெண்டு கிலோன்னா நானே கைதட்டியிருப்பேன். என்ன சாப்பிடுத. எல்லாம் சாப்பிடுதேன் சிஸ்டர், மைனி கருவாடு, பூண்டு... கருவாட்ட நான் கேக்கல, நீ என்ன சாப்பிடுத. கதவுக்கு வெளியே இருபத்தி நாலு யாருங்க என்று ரஹ்மத் நிஷா தானே தன் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் அரைஞாண் வழவழவென்று, பிள்ளை உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தாள், எடுத்த சொல் வேறாக வந்தது. கொள்ளுத் தண்ணி. அப்புறம். வெள்ளரிக்கா. அப்புறம். மோரு. எத்தன நாளா. இருபத்தேழு. சிஸ்டர் பேனாவை மூடினாள். திட்டுவாள் என்று ஆவுடை தோளைக் குறுக்கினாள், திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. பிள்ளைக்குக் குடுக்கதுக்கே உனக்கு ஒரு வேள சாப்பாடு கூடுதலா வேணும் தாயி, நீ இருக்க சாப்பாட்டையும் நிறுத்திட்ட. உடம்பு தானா இறங்கும், ஆறு மாசம் ஆகட்டும் ஒரு வருசம் ஆகட்டும், சோறு தின்னு, தண்ணி குடி, சாயங்காலம் நட, அம்புட்டுத்தான். பகலும் ராவுமா ரெண்டு மணிக்கொருக்கா மாருல போடு, வரலைன்னாலும் போடு, பிள்ள இழுக்க இழுக்கத்தான் ஊறும். தூங்குனா எழுப்பிக் குடு, இது நல்ல பிள்ளயா தூங்கல, தெம்பு இல்லாம தூங்குது. உள்ள டாக்டர் இருக்காரு, காட்டிட்டுப் போ. சனிக்கிழம தூக்கிட்டு வா, ஏறலைன்னா பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிருவேன். எழுதுவீங்களா என்றாள் ஆவுடை, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல். எழுதுவேன். பால் திரும்ப வருமா சிஸ்டர். சிஸ்டர் பிள்ளையின் தொடையில் பஞ்சைத் தேய்த்தாள். வரணும், என்றாள்.

ஊசிக்கும் பிள்ளை பெரிதாக அழவில்லை. டாக்டர் பிள்ளையின் நாக்கையும் கண்ணையும் பார்த்து, சிஸ்டர் சொன்னதையே சுருக்கமாகச் சொன்னார். அரைமணி நேரம் வெளியே பெஞ்சில் இருக்கவேண்டும். பைக்குள் போன் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. மணி பன்னிரண்டு இருக்கும். யூனிபார்ம் அயர்ன் பண்ணிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, மூன்றாவது கொக்கியும் பூட்டுகிறது, நேற்றுப் போட்டுப் பார்த்தாள், இப்போது ஆட்டோவில் போனால் கால்மணி நேரம், நேராக ஒன்று, சைடில் ஒன்று. முகூர்த்தப் பட்டுக்கு மேல்விளக்கு எரியும். நினைப்பு அங்கேயே போகிறது, இழுத்து வந்தாலும் போகிறது, நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. ரஹ்மத் நிஷா பயலுக்கு ஊசி போட்டு, அவன் ஊரைக் கூட்டுகிற கத்தலோடு வந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டிருப்பாள், முகத்தில் அது இருந்தது, ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒயர்க்கூடையைத் துழாவி ஒரு தேங்காய் பன்னை எடுத்துப் பாதியாகப் பிய்த்தாள், பெரிய பாதியை நீட்டினாள். புடிங்கக்கா, எனக்கு டாக்டரு இனிப்பு கூடாதுன்னுட்டாரு, நீங்க தின்னா நான் தின்ன மாதிரி என்று சொல்லிக்கொண்டே சின்னப் பாதியைத் தான் கடித்தாள். ஆவுடை வாங்கினாள். கையில் வைத்திருந்தாள். எண்ணெய் பசை, மஞ்சள் தேங்காய்ப்பூ, நடுவில் ஒரு சிவப்புச் செர்ரித் துண்டு. இது இடுப்பில் அரை இஞ்ச் ஏற்றுமா, கால் இஞ்சா. அந்த எண்ணம் வந்துவிட்டது, வந்தபிறகு என்ன செய்ய. அதை அப்படியே வைத்துக்கொண்டு கடித்தாள். வாய் காய்ந்து கிடந்ததால் முதல் வாய் உள்ளே போகவில்லை, மென்று மென்று விழுங்கினாள், இனிப்பு காது வரைக்கும் ஏறி வலித்தது. போன் மூன்றாவது தடவை உறுமியது. அவள் எடுக்கவில்லை, பையை முழங்காலால் தள்ளி பெஞ்சுக்கு அடியில் விட்டாள். முந்தானையை இழுத்துப் பிள்ளையை எழுப்பினாள், உள்ளங்காலைச் சுண்டி, காதைத் தேய்த்து. அது சலித்துக்கொண்டு கண்ணைத் திறந்து வாய் பிடித்தது. இழுத்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேடையில் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுருக்குக்காகக் காத்திருந்தாள். அரைஞாண் மடியில் கிடந்தது, பூட்டியபடியே, உள்ளே ஒன்றும் இல்லாமல். பக்கத்தில் பயலின் கத்தல் அடங்கி மடக்மடக்கென்று முழுங்குகிற சத்தம் கேட்டது. இவளுடையது இழுத்தது, நிறுத்தியது, அண்ணாந்து அவளைப் பார்த்தது, திரும்ப இழுத்தது. சுருக்கு வரவில்லை. அவள் இன்னொரு வாய் கடித்தாள்.